கடற்சிங்கத்துக்குத் துடக்கில்லை

கமலாம்பிகை பொய் சொல்லுகிறவள் அல்ல. சந்தேகமென்றால் அவளையே கேட்கலாம். "நான் பொய் சொல்லமாட்டன். ஒருத்தரும் கேளாததைச் சொல்லமாட்டன், அவ்வளவுதான்" என்பாள். வெள்ளிக்கிழமை விரதமென்று வீட்டில் மரக்கறி காய்ச்சி வைத்துவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் காருக்குள் இருந்து பொரித்த கோழி சாப்பிட்ட நாட்கள் எத்தனையோ. வீட்டுக்குள் மச்சம் மாமிசம் வரவில்லையே, பிறகென்ன குறை? கடவுளும் இருபத்தேழு வருடமாக அதைக் கண்டும் காணாமல்தான் இருந்தார்.

அந்த இருபத்தேழு வருடமும் அவள் கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்துக்கு அருகே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் பெரிய சமையற்கூடத்தில் நின்றாள். தட்டுகள் பெல்ற்றில் நகர்ந்து வரும். அவள் ஒரு பாண் துண்டும் ஒரு பட்டரும் வைப்பாள். தட்டு போய்விடும், அடுத்தது வரும். அவள் வைத்த பட்டர் போகாத நாடில்லை. அவள் போனது நாலே நாலு ஊர்: கொழும்பு, சென்னை, லண்டன், பிறகு ஒரு கலியாணத்துக்காகப் பாரிஸ்.

சாப்பாட்டு அறையில் ஒரு ரிவி இருந்தது. அதன் றிமோட் சூப்பர்வைசர் றொனால்டின் பொக்கற்றுக்குள் இருந்தது. றொனால்ட் நல்ல மனிதர்தான், ஆனால் மிருகங்களைத் தவிர வேறெதையும் பார்க்க விடமாட்டார். நிகழ்ச்சி ஒரு மணித்தியாலம், சாப்பாட்டு நேரமோ அரை மணித்தியாலம். சிங்கம் மானைத் துரத்தும். மான் தப்பியதா இல்லையா என்று தெரியாமலே கமலாம்பிகை எழுந்து பட்டர் வைக்கப் போவாள். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இவளுக்கு மட்டும் மனதுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதிலும் ஒரு நிகழ்ச்சி. எரிமலை கக்கிய கல்லில் உண்டான தீவுகள், கரிக்கட்டை போலக் கறுத்த பாறைகள், பாறை நிறைய உடும்புகள். உடும்பென்றால் காட்டில், புற்றில் இருக்கிறது. இதுகள் வரிசையாக வந்து கடலுக்குள் பாய்ந்தன. பாய்ந்த உடனே மணி அடித்துவிட்டது. அதே நிகழ்ச்சியை வெவ்வேறு வருடங்களில் மூன்று தரம் போட்டார்கள். மூன்று தரமும் உடும்பு பாய்ந்தது, மூன்று தரமும் மணி அடித்தது. தண்ணீருக்குள் போன உடும்பு என்ன செய்கிறது என்று தெரியாமலே அவள் ஓய்வு பெற்றாள்.

ஓய்வு பெற்ற மாதமே அவள் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் போனாள். ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருந்து ரிக்கற் போடுகிறவர். கொழும்புக்கு ரிக்கற், இந்தியக் கோயில் சுற்றுலா, அறுபது தமிழர் சேர்ந்து போகும் கப்பல் பயணம், இவைதான் அவருடைய வியாபாரம்.

"தம்பி, எரிமலைத்தீவு ஒண்டு இருக்கு. கறுத்த உடும்பு, கடற்சிங்கம் எல்லாம் இருக்கு. அங்கை போகவேணும்."

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கலாப்பகோஸ். எக்குவடோரிலை. அக்கா, உது வெள்ளையள் போற இடம். எங்கடை சனம் ஒண்டும் உங்காலை தலைகாட்டாது."

"அதுதான் வேணும்" என்றாள் கமலாம்பிகை.

அவளுடைய கணவர் ஸ்ரீதரன் வரமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். கனடாவுக்கு வந்து முப்பத்தைந்து வருடம் கழிந்தும் வாளியில் அள்ளித்தான் குளிக்கிறவர் அவர். ஷவர் தலையில் கொட்டினால் மூச்சு முட்டுமாம். "நீ போட்டு வா. நான் வீட்டைப் பாக்கிறன்" என்றார். மகள் தனுஷிகா மட்டும் துள்ளிக் குதித்தாள். "அம்மா, யூ ஹாவ் ரு கோ! ஆனா முதல் நீந்தப் பழகுங்கோ, ப்ளீஸ்."

வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும். பழக்குகிறவள் நிலக்சி என்ற இருபது வயதுப் பெட்டை, இங்கேயே பிறந்தவள்.

"அன்ரி, ஜஸ்ற் றிலாக்ஸ். முகத்தைத் தண்ணிக்குள்ளை வையுங்கோ."

"பிள்ளை, மூக்குக்குள்ளை போகுது."

"மூக்காலை மூச்சு எடுக்காதையுங்கோ அன்ரி. வாயாலை."

"அறுபத்திமூண்டு வருசமா மூக்காலைதானே எடுத்தனான்!"

மூன்று மாதத்தில் கமலாம்பிகை மிதந்தாள், கையைக் காலை அடித்தாள், மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் வந்தாள். தலையை முழுதாகத் தாழ்த்துவது மட்டும் வரவில்லை. "அது தேவை வரேக்கை வரும்" என்று சொல்லிவிட்டாள்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஸ்ரீதரனின் பெரியப்பா வைத்திலிங்கம் பிறம்ரனில் செத்துப்போனார். வயது தொண்ணூற்று நாலு. பழுத்த பழம் விழுந்ததற்கு யாரும் மாரடிக்கவில்லை. ஆனால் ஆண்வழிப் பங்காளி என்றபடியால் ஸ்ரீதரன் வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, உல்லாசப் பயணம் என்ற பேச்சே இல்லை.

அதுகூடப் பெரிதில்லை. பெரிய சங்கடம் வேறொன்று. வைத்திலிங்கத்தின் மகன் பாக்கியராசா, அந்தக் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை. கலியாணத்துக்கு நாள் வைப்பதும், சபையில் முன்னுக்கு நிற்பதும், யார் வரலாம் யார் வரக்கூடாது என்பதும் அவர் சொல்லுத்தான். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய மகனின் கலியாணத்தன்று மார்க்கம் நகரில் இன்னொரு கலியாணமும் இருந்ததால், ஸ்ரீதரனும் கமலாம்பிகையும் தாலி கட்டு முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு ஆறு வருடமாகத் திரும்பவில்லை. இந்தச் செப்டெம்பரில் தனுஷிகாவுக்குக் கலியாணம். பாக்கியராசா வராவிட்டால் பிறம்ரன் பக்கத்துச் சொந்தம் ஒன்றும் வராது. பெண்ணின் அப்பா பக்கத்து ஆட்கள் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், ஸ்ரீதரன் எந்த முகத்தோடு நிற்பார்? அந்தக் கவலையிலே மனிதர் ஒரு வருடமாக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

செத்த வீட்டில் அது தீர்ந்தது. கொள்ளி வைப்பதற்காகத் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு நின்ற பாக்கியராசா, ஸ்ரீதரனைக் கண்டதும் கையைப் பிடித்தார். "வந்திட்டாய்தானே. அது காணும்" என்றார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கமலாம்பிகையும் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே ரிக்கற்றின் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீஸ்கந்தராசாவும் பூமாலையோடு வரிசையில் நின்றார். அவளைப் பார்த்தார், பாக்கியராசாவைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார். முகம் வேர்த்து ஊற்றியது. ரிக்கற்றைத் திருப்பித் தரப்போகிறாளோ என்று பயப்படுகிறார் போல என்று கமலாம்பிகை நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று பாக்கியராசாவின் தங்கை துர்க்கா எல்லோருக்கும் போன் எடுத்தாள். தமையனோடு ஒரே வீட்டில் இருந்து தகப்பனைப் பார்த்தவள் அவள். "மச்சாள், முப்பத்தொண்டு முடியுமட்டும் ஒருத்தரும் ஒண்டுக்கும் போகப்படாது. அண்ணை கடுமையாச் சொல்லிப்போட்டார். அவரும் இன்னும் நாலு நாளிலை அஸ்தியிலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு காசிக்குப் போறார்."

காசியா? கமலாம்பிகையின் மூளைக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. பாக்கியராசா அத்தான் காசியில் என்றால், கேள்வி கேட்க ஆளில்லை. துர்க்கா பிறம்ரனில் இருந்து வெக்ஸ்போர்ட்டுக்கு அடிக்கடி வரமாட்டாள்.

"அம்மாள் வருத்தம், அம்மை போட்டிருக்கு எண்டு சொல்லுவமே? ஒருத்தரும் கிட்ட வராயினம்" என்றார் ஸ்ரீதரன்.

"அம்மாளோடை விளையாடக்கூடாது" என்று கமலாம்பிகை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோவிட் எண்டு சொல்லுங்கோ. அதுக்குக் கோயில் இல்லை."

ஸ்ரீதரன் பயந்தார். ஆறு வருடம் கழித்துச் சேர்ந்த உறவு இது, தெரியவந்தால் தனுஷிகாவின் கலியாணம் என்னாகும் என்றார். பயம் அவளுக்கும் இல்லாமலில்லை. ஆனால் இப்போது போகாவிட்டால் அடுத்த வருடம் முழங்கால் வலிக்கும், அதற்கடுத்த வருடம் பேரப்பிள்ளை பிறக்கும், எப்படியோ மணி அடித்துவிடும். அவள் போகத்தான் போனாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஸ்ரீஸ்கந்தராசா போன் எடுத்தார். "அக்கா, உங்கடை பயணத்தை ஒரு நாள் பிந்திப் போட்டிருக்கிறன். தீவு சுத்துறதையும் மற்றப் பக்கத்தாலை மாத்தியிருக்கிறன்."

"ஏன் தம்பி?"

"காத்து, அக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இசபெலாத் தீவில் இறங்கிய முதல் நாளே அவள் தன் உடும்பைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, காலை வைக்க இடமில்லாமல் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று படுத்து, மூக்கால் உப்புத் தண்ணீரைச் சீறிக்கொண்டு, ஆட்களை மதிக்கவே இல்லை. ஒன்று எழுந்து நடந்து போய்க் கடலில் பாய்ந்தது. கமலாம்பிகை நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயைக் கடித்துக்கொண்டு, பின்னாலேயே இறங்கினாள்.

அது தண்ணீருக்கடியில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாசி மேய்ந்தது. மாடு புல்லு மேய்வதுபோல, ஒரு அவசரமுமில்லாமல், தலையை இந்தப் பக்கம் ஒருக்கால் அந்தப் பக்கம் ஒருக்கால் திருப்பித் திருப்பி மேய்ந்தது. பிறகு மேலே வந்து வெயிலில் படுத்துவிட்டது. இவ்வளவுதானா! கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அது திரும்பவும் இறங்கும்வரைக்கும் அவள் கரையில் நின்றாள். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒருவரும் மணி அடிக்கவில்லை. திடீரென்று அவளுக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியாமலே கொஞ்ச நேரம் அழுதாள்.

ஐந்தாம் நாள் நடுத்தீவுக்கு வந்தார்கள். அங்கிருந்து படகில் ஒரு குட்டித்தீவுக்கு. வழிகாட்டியின் பெயர் மரியோ. ஒவ்வொரு நாளும் அதே உபதேசம்தான்: ஒரு பிராணியையும் தொடக்கூடாது, இரண்டு மீற்றர் தள்ளி நிற்கவேண்டும், அது கிட்ட வந்தால் நீங்கள் அசையாமல் இருங்கள். அன்றைக்கு அதே இடத்தில் இன்னொரு படகும் வந்து நின்றது.

கடற்சிங்கக் குட்டிகளுக்கு மரியோவின் சட்டம் தெரியாது. ஒரு குட்டி நேரே அவள் முகத்துக்கு நேராக வந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் கரணம் அடித்தது. பெரிய கறுத்த கண்களால் அவளைத் தலைகீழாகப் பார்த்தது. காலில் போட்டிருந்த ரப்பர்ச் செட்டையை மெல்லக் கடித்துப் பார்த்துவிட்டு ஓடியது, திரும்பி வந்தது. குழாய்க்குள்ளேயே கமலாம்பிகை சிரித்தாள். அறுபத்திமூன்று வயதில் ஒருவர் தன்னை விளையாடக் கூப்பிட்டதை அவளால் நம்ப முடியவில்லை.

குட்டி போன திசையில் இன்னொரு தலை தெரிந்தது. உருண்டை, மழமழவென்று, தண்ணீர் வழிய, வெயிலில் பளபளத்தது. தாய்ச்சிங்கம் போல. கமலாம்பிகை சட்டப்படி அசையாமல் மிதந்தாள். தலை கிட்ட வந்தது. இரண்டு மீற்றர். ஒரு மீற்றர். தலை நிமிர்ந்தது. அதற்குக் கண்ணாடி இருந்தது, வாயில் குழாய் இருந்தது. அது கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியது.

பாக்கியராசா அத்தான்.

ஒரு கணம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு மிதந்தார்கள். அடுத்த கணம் கமலாம்பிகை, நிலக்சி மூன்று மாதமாகக் கெஞ்சியும் செய்யாததைச் செய்தாள்: தலையை முழுதாகத் தண்ணீருக்குள் தாழ்த்தினாள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமே, அந்த நினைப்பு. கண்ணைத் திறந்தால், எதிரே அத்தானும் தண்ணீருக்குள் தாழ்ந்திருந்தார். கன்னம் இரண்டும் உப்பிக்கிடக்க, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். குட்டிச் சிங்கம் இருவருக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றியது. மூச்சு எவ்வளவு நேரம் பிடிக்கலாம்? இருவரும் ஒரே நேரத்தில்தான் மேலே வந்தார்கள், ஒரே நேரத்தில்தான் இருமினார்கள்.

கறுத்த பாறையில், உடும்புகளுக்கு நடுவே, ஈரத்தோடு அருகருகே இருந்தார்கள். கலியாணம் போயிற்று, ஸ்ரீதரனின் மானம் போயிற்று, எல்லாம் போயிற்று என்றுதான் கமலாம்பிகை முதலில் நினைத்தாள். கொஞ்சம் மூச்சு வந்த பிறகுதான் மற்றது விளங்கியது. துடக்கு அவளுக்கு மட்டுமா? கொள்ளி வைத்தவர் அல்லவா அவர்!

"உமக்குக் கோவிட் எண்டெல்லோ துர்க்கா மெசேஜ் போட்டவள்" என்றார் பாக்கியராசா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"ஓம். கடுமைதான்" என்றாள் கமலாம்பிகை. "காசி எப்பிடி, அத்தான்?"

அவர் கடலைப் பார்த்தார். "வடிவாயிருக்கு."

"கங்கை கொஞ்சம் உப்புக் கரிக்குது போல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மழித்த தலையில் முடி முள்ளு முள்ளாக வளரத் தொடங்கியிருந்தது. "இருபத்தைஞ்சு வருசம் ட்ரக் ஓடினனான் கமலா. அமெரிக்கா முழுக்க றோட்டைத்தவிர ஒண்டும் பாக்கேல்லை. பேந்து மனுசி செத்துப்போட்டா. பேந்து ஒம்பது வருசம் அப்பா படுக்கையிலை. துர்க்கா பகலிலை, நான் இரவிலை. மாசியிலை ஸ்ரீஸ்கந்தராசாட்டைப் போய், றோட்டே இல்லாத இடமாப் பாத்து ஒரு ரிக்கற் போட்டுத் தா எண்டு கேட்டனான். எங்கடை சனம் ஒண்டும் உங்காலை தலைகாட்டாது எண்டான்."

"எனக்கும் அதைத்தான் சொன்னவன்."

"அப்பாட்டைச் சொன்னனான். 'போட்டு வா ராசா, நான் செத்தாலும் ரிக்கற்றை விடாதை' எண்டவர். பத்து நாளிலை செத்துப் போனார்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை ஆருக்குச் சொல்ல? சொன்னால் ஆர் நம்புவினம்? சாகிற கிழவன்ரை பேரிலை கதை கட்டுறான் எண்டுதானே சொல்லுவினம்."

"நான் நம்புறன், அத்தான்" என்றாள். பகிடியில்லாமல்தான் சொன்னாள். பெரியமாமா வைத்திலிங்கத்தை அவளுக்குத் தெரியும்.

பிறகு இருவரும் தங்கள் பயணக் காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா பாவம், செத்த வீட்டில் இருவரையும் ஒன்றாகக் கண்டு நடுங்கி, ஒருவரைத் தீவுகளுக்கு வலமாகவும் மற்றவரை இடமாகவும் சுற்ற விட்டிருக்கிறார். கோயில் வீதியில் ஒருவர் வலமாகவும் ஒருவர் இடமாகவும் சுற்றினால் எங்கேயாவது ஓரிடத்தில் முகத்துக்கு முகம் வந்துதானே ஆகவேண்டும்? மனிதர் அந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

"நீர் என்னைக் காணேல்லை. நான் உம்மைக் காணேல்லை. ஸ்ரீதரனுக்கும் சொல்லாதையும்" என்றார் பாக்கியராசா.

"ஆர் சாட்சி?"

பக்கத்தில் கிடந்த உடும்பு மூக்கால் ஒரு சீறல் சீறியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இந்தத் தடவை பாக்கியராசாவும் சிரித்துவிட்டார். மரியோ வந்து, உடும்புக்கு இரண்டு மீற்றர் தள்ளி இருக்கச் சொல்லி இருவரையும் கலைத்துவிட்டு, கமலாம்பிகையின் போனில் ஒரு படமும் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்ரீதரன் நன்றாகக் கொழுத்திருந்தார். கோவிட்டென்று கேள்விப்பட்ட சொந்தமெல்லாம் வாசலில் தேங்காய்ப்பால் சோதியும் இரசமும் மல்லிக் கோப்பியும் வைத்துவிட்டுப் போயிருந்தது. நோயாளி இல்லாத வீட்டில் பத்து நாளும் அவர்தான் நோயாளியின் பங்கையும் சாப்பிட்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் பிறம்ரனில் அந்தியேட்டி. கிரியை முடிந்து, ஐயர் போய், துடக்கும் கழிந்து, பேஸ்மென்ற்றில் எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கமலாம்பிகை நெற்றி முழுக்கத் திருநீறு பூசி, பவுடரும் போட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியுமா? எரிமலைத்தீவின் வெயில் முகத்தைக் கரியாக்கியிருந்தது, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

சோறு போட்டுக்கொண்டு வந்த துர்க்கா அவள் முன்னால் நின்றுவிட்டாள். "மச்சாள், என்ன கண்ணைச் சுத்தி?"

"கோவிட்டுக்குப் பிறகு இப்பிடித்தான்."

"கோவிட் வட்டம் போடுமோ?" துர்க்கா திரும்பித் தமையனைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அதே வட்டம். அவள் புருவம் சுருங்கியது. ஆனால் அது அவளுக்குப் பிடிபடவில்லை, கையில் இருந்த வேறு துருப்புச் சீட்டை எடுத்தாள். "நான் சோதி கொண்டு வந்தனான். உங்கடை வாசலிலை கால் மணித்தியாலம் நிண்டனான். உள்ளுக்கு ஒரு இருமல் இல்லை. குசினியிலை ஒரு சட்டிச் சத்தம் இல்லை. நீர் வீட்டிலை இருந்தால் சட்டிச் சத்தம் கேக்காமல் இருக்குமோ? உண்மையைச் சொல்லும். துடக்குக்குள்ளை எங்கை போனனீர்?"

நாற்பது பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஸ்ரீதரனின் கை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது. அவர் முகத்தில் ஒரு வருட நித்திரையின்மை அப்படியே திரும்பி வந்தது.

கமலாம்பிகைக்கு ஒரு வார்த்தை போதும். "உம்மடை அண்ணையைக் கேளும்" என்றால் தீர்ந்தது. நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதர் இப்போதுதான் தகப்பனுக்குக் கடைசிப் பிண்டம் வைத்துவிட்டு, ஈரவேட்டியோடு மூலையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"ஓம். நான் வீட்டிலை இருக்கேல்லை" என்றாள். "எல்லாப் பிழையும் என்னிலைதான்."

பாக்கியராசா எழுந்தார். நல்ல மனதோடுதான் எழுந்தார். ஆனால் ட்ரக் ஓடுகிறவருக்குப் பேச்சு ஓட்டத் தெரியாது.

"அவவை ஒண்டும் கேக்காதை துர்க்கா" என்றார் உரத்த குரலில். "கமலா என்னோடைதான் இருந்தவ."

யாரோ ஒருவரின் கைக்குள் அப்பளம் நொறுங்கியது.

"பத்து நாளுமோ?" என்று யாரோ ஒரு கிழவி பின்னாலிருந்து கேட்டாள்.

"சீச்சீ, ஒரு நாள்தான்" என்றார் பாக்கியராசா அவசரமாக. எல்லோருடைய முகமும் போன போக்கைப் பார்த்து இன்னும் விளக்க நினைத்தார். "அதுவும் தண்ணிக்குள்ளை."

ஸ்ரீதரன் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. துர்க்கா சோற்றுச் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ அத்தான், வாயை மூடுங்கோ!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள் கமலாம்பிகை. பிறகு ஒன்றையும் ஒளிக்கவில்லை. கேளாததையும் சொன்னாள். ஸ்ரீஸ்கந்தராசா, வலம், இடம், உடும்பு, கடற்சிங்கம், மொட்டைத் தலை, இரண்டு பேரும் தண்ணீருக்குள் ஒளித்தது, பெரியமாமா மகனிடம் சொன்னது, அத்தனையும். போனில் மரியோ எடுத்த படத்தையும் காட்டினாள். இரண்டு மீற்றர் இடைவெளி விட்டு, உடும்புகளோடு, நனைந்த கோழிகள் மாதிரி இரண்டு பேர்.

ஓ, இவ்வளவுதானா என்று பேஸ்மென்ற் முழுதும் ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு நிமிடத்துக்கு முன் நினைத்ததோடு பார்த்தால் துடக்குக்குள் கடலில் குளித்தது ஒரு குற்றமா? பின்னாலிருந்த கிழவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலவும் இருந்தது. ஸ்ரீதரன் திரும்ப மூச்சு விடத் தொடங்கினார்.

துர்க்கா மட்டும் சிரிக்கவில்லை. தமையனுக்கு எதிரே நிலத்தில் இருந்துவிட்டாள். "அண்ணை, அப்பா எனக்கும் சொன்னவர். 'அவன் ரிக்கற்றை விட்டிடுவான், விடாமல் அனுப்பிப்போடு பிள்ளை' எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவர். நான்தான் சனத்துக்குப் பயந்து உங்களுக்குச் சொல்லேல்லை. முப்பத்தொரு நாளும் அது என்னை அறுத்தது." அவள் அழுதாள். பாக்கியராசா தங்கையின் தலையில் கை வைத்தார். அவருடைய பேச்சை இனி நம்பாமல் இருக்க ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்ரீதரனிடம் வந்தார். துடக்கு வீட்டில் கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது என்று ஒரு மாதமாக ஸ்ரீதரன் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்.

"பிள்ளைக்குச் செப்டெம்பரிலை என்ன திகதி?" என்று கேட்டார் பாக்கியராசா. "இப்பவே சொல்லிப்போடு. பேந்து நான் வேறை எங்கையேன் ரிக்கற் போட்டிடுவன்."